செலியாக் நோயும் கோதுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்குச் செலியாக் நோய் இருப்பது அவளுடைய எட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அப்போது நாங்கள் டெல்லிப் பக்கம் குடியிருந்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகு சொந்தக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், பக்கத்து வீட்டார், மருத்துவமனை வரிசையில் அருகில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. இந்த நோயைப் பற்றிய ஆய்வுகளைப் பல வருடங்களாக விடாமல் படித்துவரும் அம்மா. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் பரிசோதனை பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதன் சாரம் இதுதான்: சோதித்துப் பார்க்கும் முன்பு கோதுமையை நிறுத்தாதீர்கள்.

குளூட்டன் என்றால் என்ன?

அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்திருக்கிறீர்களா? ஊறவைத்த சம்பா கோதுமையை அரைத்துப் பிழிந்து பாலை வடித்த பிறகு, தவிட்டோடு ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். மைதாவைப் பிசைந்து உருட்டி, ஓடும் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாலும் மாவுச்சத்து கரைந்துபோய் இதே பிசின் மிஞ்சும். பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் துணிபோல விரிவதும், பிரெட் உப்பி எழும்புவதும் இந்தப் புரதத்தால்தான். அரிசி மாவில் இது இல்லை. அதனால்தான் அரிசி மாவை வீசி பரோட்டா போட முடியாது.

கோதுமையில் இருப்பது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு வகைப் புரதங்களின் கூட்டு. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் புரதங்கள் உண்டு. பாலை வடித்துவிட்டதால் அல்வாவில் குளூட்டன் இருக்காது என்று சிலர் என்னிடம் வாதாடியதுண்டு. பாலோடும் போதுமான அளவு கலந்தே வருகிறது. சம்பா கோதுமை நம் பழைய ரகம் என்பதால் ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. அதுவும் கோதுமைதான்.

செலியாக் ஒரு அலர்ஜியா?

இல்லை. கோதுமை அலர்ஜி தனி. அதில் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வரலாம். செலியாக் என்பது தன்னெதிர்ப்பு நோய். குளூட்டன் உள்ளே போகும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. இது மெதுவாக, மாதக்கணக்கில், பல நேரம் சத்தமே இல்லாமல் நடக்கும். இவை இரண்டும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பும், தலை கனக்கும், சோர்வாக இருக்கும் என்பவர்கள் மூன்றாவது கூட்டம். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

குடலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பானது அல்ல. துண்டின் நூல் சுருள்கள்போல லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் அதில் நின்றுகொண்டிருக்கும். இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் எல்லாம் ரத்தத்துக்குள் போவது அவற்றின் வழியாகத்தான். செலியாக்கில் இவை தேய்ந்து கடைசியில் தரைமட்டமாகிவிடும். துண்டு இருந்த இடத்தில் மெழுகுத்துணியை விரித்தால் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும்? என் மகளுக்கு இரண்டு வருடம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாததற்குக் காரணம் அதுதான். டானிக்கில் குறை இல்லை, அதை வாங்கிக்கொள்ளக் குடலில் இடம் இல்லை.

ஏன் தேய்கிறது என்பதை விஞ்ஞானிகள் துண்டு துண்டாகத்தான் கண்டுபிடித்தார்கள். குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் செரிமான நொதிகளால் அதை முழுசாக வெட்ட முடியாது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு எந்த நொதிக்கும் மசியாமல் அப்படியே நிற்பதை 2002இல் ஸ்டான்ஃபோர்டில் சைதன் கோஸ்லாவின் குழு காட்டியது. இது எல்லா மனிதர்களுக்கும் நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

ஹெச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். டி.க்யூ.2க்கும் செலியாக்குக்கும் உள்ள தொடர்பை 1989இல் நார்வேயில் லுட்விக் சொல்லிட்டும் உடன் பணியாற்றியவர்களும் துல்லியப்படுத்தினார்கள். இந்த மரபணு உருவாக்கும் மூலக்கூறு ஒரு தட்டுபோல. குளூட்டன் துண்டை ஏந்தி, 'இதோ எதிரி' என்று வெள்ளை அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அந்தத் துண்டு தட்டில் கச்சிதமாகப் பொருந்தும்படி மாற்றிவைப்பது நம் திசுக்களிலேயே இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதும் அதே நொதிக்கு எதிராகத்தான் என்று 1997இல் ஜெர்மனியில் டீட்டரிஷ், ஷுப்பான் குழு கண்டுபிடித்தது. இன்று நம் லேப்களில் எடுக்கும் டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை அந்தக் கண்டுபிடிப்பின் பலன்.

கோதுமைதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது?

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பல குழந்தைகளின் உயிர் இதில் இருக்கிறது.

கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ் ஏறக்குறைய 1,900 வருடங்களுக்கு முன்பே இப்படியொரு வயிற்று நோயை எழுதிவைத்திருக்கிறார். நோயின் பெயரே வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ இதைத் தெளிவாக விவரித்து, குணம் உண்டு என்றால் அது உணவால்தான் உண்டு என்று எழுதினார். ஊகம் மிகச் சரி. ஆனால் அவர் விலக்கச் சொன்னதில் அரிசி இருந்தது, சாப்பிடச் சொன்னதில் மெல்லியதாக வெட்டி நன்றாக வாட்டிய ரொட்டி இருந்தது! தினமும் ஏராளமாக டச்சு நாட்டுச் சிப்பி தின்ற ஒரு குழந்தை நன்றாகத் தேறியது, சிப்பிக் காலம் முடிந்ததும் மறுபடி விழுந்துவிட்டது என்றும் அவரே குறித்திருக்கிறார். சிப்பி தின்ற நாளில் அந்தக் குழந்தை ரொட்டி தின்றிருக்காது. அந்தக் கோணம் யாருக்கும் தோன்றவில்லை.

1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவு முறையைக் கொண்டுவந்தார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை மையமாக வைத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் பிழைத்தார்கள். அவர் வாழைப்பழத்துக்கு நன்றி சொன்னார். பிழைக்க வைத்தது தட்டில் இல்லாமல் போன ரொட்டி. வாழைப்பழம்தான் மருந்து என்று நம்பியதால், தேறிய பிறகு ரொட்டிக்குத் திரும்புவதில் யாரும் ஆபத்தைப் பார்க்கவில்லை. குணமாவதற்கான சரியான காரணம் தெரியாமல் குணமாவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த வில்லெம் கரேல் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் தோல் தடிப்பு மறைகிறது என்று 1930களில் ஓர் இளம் தாய் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டார். ரொட்டி இல்லாத உணவைப் பற்றி 1941இலேயே எழுதினார். பிறகு போர். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வரத்து அடைபட்டது. மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாடியபோது செலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை. போர் முடியும் தறுவாயில் விமானங்களிலிருந்து ரொட்டி வந்திறங்கியதும் அவர்கள் மறுபடி விழுந்தார்கள்.

பஞ்சத்தை வைத்து மட்டும் டிக்கே முடிவுக்கு வந்துவிடவில்லை. குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், எடை, உயரம், மலத்தில் வெளியேறும் கொழுப்பு எல்லாவற்றையும் அளந்து 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். கொழுப்பை அளக்கும் முறையை அமைத்துக்கொடுத்த வேதியியலாளர் வான் டி காமரும், குழந்தை மருத்துவர் வெய்ஜெர்ஸும் அவருக்குத் துணை. 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழு, கெடுப்பது கோதுமையின் மாவுச்சத்து அல்ல, குளூட்டன்தான் என்று காட்டியது. சில வருடங்களில் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுக்கும் கருவிகள் வந்தன. லண்டனில் மார்கோட் ஷைனர், அமெரிக்காவில் வில்லியம் கிராஸ்பி. தேய்ந்துபோன குடலுறிஞ்சிகளை அப்புறம்தான் உயிரோடு இருப்பவர்களிடம் தடையின்றிப் பார்க்க முடிந்தது. டிக்கே 1962இல் காலமானார்.

எந்த அறிகுறிகள் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்?

நீடிக்கும் வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, ஒட்டிப்போன கை கால் என்பது பாடப்புத்தகப் படம். அந்தப் படம் மட்டும் மனதில் இருந்தால் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவோம். டானிக்குக்கு அசையாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, தள்ளிப்போகும் பூப்பு, அடிக்கடி வரும் வாய்ப்புண், சின்ன வயதிலேயே எலும்புத் தேய்வு, காரணம் புரியாத கருச்சிதைவு, முழங்கையிலும் முட்டியிலும் கூட்டமாக வந்து தாங்க முடியாமல் அரிக்கும் கொப்புளம் ஆகியவற்றிலும் இந்த நோய் ஒளிந்திருக்கலாம். மலச்சிக்கலோடு வருபவர்களும் உண்டு. டைப் 1 நீரிழிவு, தன்னெதிர்ப்பு தைராய்டு நோய், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படிப்பட்ட நெருங்கிய உறவினர்களில் ஏறக்குறைய 7.5 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது.

நாங்கள் சோறு சாப்பிடுகிறவர்கள். எங்களுக்கெல்லாம் வருமா?

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே நல்ல பதில்களில் ஒன்று நம் வேலூரை உள்ளடக்கிய ஆய்விலிருந்து வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா முதலானோர் சேர்ந்து வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என்று மூன்று இடங்களில் 23,331 பேரைச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. செலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கே 0.10 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தது. நோய் என்று உறுதியானது வடக்கே ஆயிரத்துக்கு 8.53, தெற்கே ஆயிரத்துக்கு 0.11.

அப்படியென்றால் நம் மரபணு வேறா? இல்லை, இங்கேதான் சுவாரசியம். டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது சாப்பாட்டுத் தட்டு. ஒரு நாள் சராசரிக் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம்தான், ஆனாலும் அங்கே நோய் தெற்கைவிட அதிகம். ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே முழு விடையாகாது. வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. தமிழ்நாட்டில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் முதல் சந்தேகம் செலியாக்காக இருக்கத் தேவையில்லை. ஆனால் நாளுக்கு இரண்டு வேளை சப்பாத்தி, மாலையில் பரோட்டா, நடுவில் பிஸ்கட் என்று ஒரு தலைமுறையே மாறிக்கொண்டிருக்கிறது, மரபணுவோ ஏற்கெனவே இங்கே இருக்கிறது. அரிதான நோய் என்பதாலேயே 'நம்ம பக்கம் இதெல்லாம் வராது' என்று சோதிக்காமல் விடுவதும் தவறு. வடக்கே வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு அது இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் அவித்த கோதுமை மாவில் பிட்டும் இடியப்பமும் அவிக்கும் வீடுகளுக்கும்தான். அரிசி இடியப்பம் என்று நினைத்து வெளியில் சாப்பிட்டுவிடக்கூடாது.

இன்னொரு விஷயம் நம் மருத்துவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குடலுறிஞ்சி தேய்ந்திருந்தாலே செலியாக் என்று இங்கே சொல்லிவிட முடியாது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற வேறொரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. 1960களில் அன்றைய வடஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் அது கொள்ளைநோயாகப் பரவியபோது வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் செய்த ஆய்வுகளை இன்றும் உலகம் மேற்கோள் காட்டுகிறது. அதற்கு மருந்து ஃபோலிக் அமிலமும் ஆன்டிபயாட்டிக்கும். அந்த நோயாளியை ஆயுளுக்கும் கோதுமை சாப்பிட விடாமல் செய்வதில் பலன் இல்லை. ஆகவே பயாப்ஸியோடு, அதாவது குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பதோடு, ரத்த எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மரபணுவும் இருக்கிறது, கோதுமையும் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் சிலருக்கு மட்டும் ஏன்?

மரபணு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் நோய் வருகிறது. மூன்றாவது காரணி எது என்று தேடியவர்கள் கரேலியாவுக்குப் போனார்கள். பின்லாந்து, ரஷ்ய எல்லையின் இரு பக்கமும் வாழும் மக்கள். மரபணுவிலும் தானியப் பழக்கத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பின்லாந்துப் பக்கம் 107 குழந்தைகளில் ஒன்றுக்கும், ரஷ்யப் பக்கம் 496இல் ஒன்றுக்கும் நோய் இருந்தது. கிருமிகளோடு உள்ள பழக்கம், குடல் நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. சாதாரணமாகத் தொந்தரவே தராத ரியோவைரஸ், எலிகளில் குளூட்டனை எதிரியாகப் பார்க்க உடலைப் பழக்கிவிடுவதை 2017இல் சிகாகோவின் பானா ஜாப்ரி குழு காட்டியது. எலியில் கண்டது மனிதரில் அப்படியே பொருந்தும் என்று முடிவுகட்ட முடியாது.

ஸ்வீடனில் 1980களின் நடுவிலிருந்து பத்து வருடம்போல, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் செலியாக் நாலு மடங்கு பெருகி, பிறகு சட்டென்று இறங்கியது. குழந்தைக்குக் கோதுமையை எப்போது, எவ்வளவு ஆரம்பிப்பது என்பதில் வந்த மாற்றம்தான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 2014இல் வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள், நோய் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முன்கூட்டியே கொடுத்தாலும் தள்ளிக் கொடுத்தாலும் முடிவில் பெரிய வேறுபாடு இல்லை என்றன. 'நான் சீக்கிரம் செரிலாக் ஊட்டியதால்தானோ' என்று பல இரவு அழுதவள் நான். அந்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான் அந்தப் பாரம் இறங்கியது.

எந்தப் பரிசோதனை, எப்போது?

முதலில் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஏ. என்பது ஒரு வகை எதிர்ப்பொருள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்கச் சொல்லுங்கள். செலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.வே சுரக்காது. அவர்களுக்கு முதல் பரிசோதனை நோய் இல்லை என்று பொய் சொல்லும். எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தால் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் பல இடங்களில் துளித்துளியாகச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். வலிக்காது. குழந்தைகளில் டி.டி.ஜி. வழக்கமான உச்ச அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாவதாக எடுத்த ரத்தத்தில் இ.எம்.ஏ. என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்தால், பயாப்ஸி இல்லாமலே உறுதி செய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தப் பரிசோதனைகள் எல்லாமே குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவரிடம்தான் உண்மை பேசும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் சில மாதங்களில் வடிந்துவிடும், குடலும் தேறத் தொடங்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நல்லெண்ணத்தோடு ஒரு உறவினர் சொன்னதைக் கேட்டு நாலு மாதம் கோதுமையை நிறுத்தினோம். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை ஒன்றுமில்லை என்று வந்தது. கோதுமையை நிறுத்தியிருக்கிறோமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நிம்மதியாகச் சப்பாத்திக்குத் திரும்பினோம். இன்னும் ஒன்றரை வருடம் வீணானது. வளர வேண்டிய வயதில் ஒன்றரை வருடம்.

ஏற்கெனவே நிறுத்தியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுச் சோதிக்க வேண்டியிருக்கும். நன்றாகத் தேறிய ஒருவருக்கு அது கொடுமை. முன்பே சோதித்துவிடுவது எவ்வளவோ மேல்.

மரபணுப் பரிசோதனை செய்தால் போதாதா?

போதாது. இரண்டு மரபணு வகையும் இல்லை என்று வந்தால் செலியாக் இல்லை என்று ஏறக்குறைய முடிவாகச் சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, நம்மில் மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. நூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருகிறோம் என்று விற்கும் ஐ.ஜி.ஜி. பரிசோதனைகளால் செலியாக்கைக் கண்டறிய முடியாது. அந்தப் பணத்துக்கு டி.டி.ஜி. எடுத்துவிடலாம்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஆனாலும் கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. இது மனப்பிரமையா?

வேதனை உண்மை. காரணம் குளூட்டன்தானா என்பதே கேள்வி. இங்கே ஒரு ஆய்வுக் குழுவின் நேர்மையைச் சொல்லியாக வேண்டும். 2011இல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், ஜெசிகா பீசியெகியர்ஸ்கி குழு, செலியாக் இல்லாத 34 பேரிடம் குளூட்டன் தொந்தரவு தருகிறது என்று காட்டியது. உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அதே குழு அதோடு நிற்காமல், 37 பேரை எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்துகள் குறைந்த உணவில் முதலில் வைத்து, பிறகு குளூட்டனை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தது. அந்த உணவிலேயே எல்லோருக்கும் வயிறு லேசானது. குளூட்டனால் தனியாகப் பாதிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம்தான். தாங்கள் சொன்னதைத் தாங்களே திருத்தி 2013இல் வெளியிட்டார்கள். இப்படித்தான் ஆராய்ச்சி இருக்க வேண்டும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்லோவில் 59 பேருக்கு, எது என்று தெரியாமல், குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என்று மூன்று வகை சிற்றுண்டிக் கட்டிகளைக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு குளூட்டனால் என்றவர்கள் 13 பேர், ஃபிரக்டானால் என்றவர்கள் 24 பேர், ஒன்றும் இல்லாத கட்டியால் என்றவர்கள் 22 பேர். ஃபிரக்டான் என்பது கோதுமையில் இருக்கும் ஒரு வகை மாவுச்சத்து. வெங்காயத்திலும் பூண்டிலும் அது தாராளம். சப்பாத்தியை விட்டும் வயிறு அடங்கவில்லை என்பவர்கள், தொட்டுக்கொண்ட குருமாவில் எவ்வளவு வெங்காயம், பூண்டு போனது என்று பாருங்கள். நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், குளூட்டன் இருக்கிறது என்று சொல்லி அதையே கொடுத்தபோதுதான் தொந்தரவு மிக அதிகமாக இருந்தது. எதிர்பார்ப்புக்கும் குடலில் பங்கு உண்டு. வயிற்றுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் அதைப் பொய் என்று ஒதுக்க முடியாது.

எடை குறைய கோதுமையை விடலாமா?

நோய் இல்லாதவர்களுக்குத் தேவையில்லை. குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

நம் சமையலில் எதெல்லாம் ஆகாது, எதெல்லாம் ஆகும்?

இந்த நோய் வந்தவருக்குத் தமிழ்ச் சமையலறை ஒரு வரம். இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, பொங்கல், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, சோளம், எல்லாப் பருப்பும், காய், பழம், பால், முட்டை, மீன், கறி எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. டெல்லியில் என் மகளோடு அதே நோயுள்ள ஒரு குழந்தையின் அம்மா எங்கள் இட்லிப் பானையை ஏக்கத்தோடு பார்த்தது நினைவிருக்கிறது. வெறும் வெள்ளைச் சோற்றோடு நின்றுவிடாமல் சிறுதானியத்தையும் பழக்குங்கள், நார்ச்சத்தும் இரும்பும் கிடைக்கும்.

ஆகாதவை: சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரெட், பன், ரவை உப்புமா, ரவா தோசை, கேசரி, சேமியா, கோதுமை ரவை, பார்லிக் கஞ்சி. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உண்டு. தீபாவளித் தட்டில் குலாப் ஜாமூன், பாதுஷா, சோமாசி, ஜிலேபி எல்லாம் மைதா. அதிரசம், மைசூர்பாகு, உளுந்து ஜாங்கிரி ஆகியவற்றுக்கு மாவு வேறு, ஆனால் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே கை, ஒரே எண்ணெய்.

ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூளிலும் கட்டியிலும் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய் எல்லாவற்றிலும் விழும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்னொன்று அரவை மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழுந்தால், முதல் ஒரு கிலோவில் கோதுமையும் சேர்ந்தே வரும். எங்கள் தெரு மில்காரர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். மிளகாய் அரைக்கத் தனி இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது புரியாதா? காலையில் கடை திறந்ததும், துடைத்துவிட்டு, எங்கள் மாவை முதலில் போட்டுக்கொடுக்கிறார். அது முடியாதவர்கள் வீட்டிலேயே சிறிய அரவை இயந்திரம் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் கோதுமை கலக்காதது என்று முத்திரை உள்ளதை மட்டும், குடல் தேறிய பிறகு, மருத்துவரைக் கேட்டு. மாதா கோவில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். பங்குத்தந்தையிடம் சொன்னால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு வழி செய்வார்.

ஒரே ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

கல்யாண வீட்டில் எல்லாப் பாட்டிகளும் கேட்பது இதுதான். இத்தாலியின் கார்லோ கட்டாசி குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு: தேறியிருந்த நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்தபோது குடலுறிஞ்சிகளில் பாதிப்பு தெரிந்தது. ஒரு சப்பாத்தியில் இரண்டு மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். ஆகவே ஒரு சப்பாத்தியை ஐம்பதாகப் பிய்த்தால் ஒரு துணுக்கு. அதுவே தினமும் என்றால் கெடுதல். உடனே வயிறு வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கக்கூடாது.

இந்தக் கணக்கை ஒட்டித்தான், 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே ஏற்றிருக்கிறது. ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லில் சாதா தோசை வார்ப்பார்கள் என்பதால், நாங்கள் வெளியே போனால் இட்லிதான் கேட்போம். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும் என்பதால் சட்னிப்பொடி பையில் இருக்கும்.

மருந்து வந்துவிடுமா?

இன்றைக்கு மருந்து உணவு மட்டுமே. முயற்சிகள் நடக்கின்றன. உடலைக் குளூட்டனுக்குப் பழக்கப் பார்த்த நெக்ஸ்வாக்ஸ்2 என்ற தடுப்பூசி முயற்சி 2019இல் பலன் இல்லாமல் நின்றது. குடல் சுவரின் இடைவெளிகளை இறுக்கும் என்று நம்பப்பட்ட லாராசோடைடு மூன்றாம் கட்ட ஆய்வு வரை வந்து 2022இல் கைவிடப்பட்டது. டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியையே தடுக்கும் செட்.ஈ.டி.1227 என்ற மாத்திரை நம்பிக்கை தந்திருக்கிறது. தினமும் 3 கிராம் குளூட்டனை ஆறு வாரம் சாப்பிட்டவர்களிடம் அது குடல் பாதிப்பைக் குறைத்ததாக 2021இல் ஷுப்பானும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். 1997இல் அந்த நொதியின் பங்கைக் கண்டுபிடித்த அதே ஷுப்பான். தெரியாமல் உள்ளே போகும் துணுக்கிலிருந்து காப்பாற்ற ஒரு மாத்திரை வந்தாலே எங்களுக்குப் போதும், மகள் தோழிகளோடு கவலையில்லாமல் ஒரு வேளை வெளியே சாப்பிடுவாள். அது வரும்வரை மூலிகைப் பொடியால் செலியாக் குணமாகும் என்று சொல்பவர்களிடம் பிள்ளையைக் கொடுத்துவிடாதீர்கள்.

உணவை மாற்றிய பிறகு எத்தனை நாளில் சரியாகும்?

வயிற்றுத் தொந்தரவு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். டி.டி.ஜி. அளவு இறங்கப் பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், தொடக்கத்தில் மிக உயரமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். குடலுறிஞ்சி குழந்தைகளுக்கு வேகமாக வளர்ந்துவிடும், பெரியவர்களுக்குச் சில வருடங்கள் பிடிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை டி.டி.ஜி., ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, தைராய்டு பாருங்கள். குழந்தையென்றால் உயரத்தையும் எடையையும் நோட்டில் குறித்துவையுங்கள். என் மகள் முதல் வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தாள். கதவு நிலையில் பென்சிலால் போட்ட அந்தக் கோடுகளை, வீடு காலி செய்யும்போது போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம்.